ஜோக் அருவிக்குப் போவோமா?

பத்ராவதி கர்நாடகத்தில் இருக்கும் ஊர். அங்கே பெரிய இரும்பு ஆலை ஒன்று உண்டு. அந்த ஆலை வந்த காலத்தில் வேலை தேடித் தமிழர்கள் பலர் அங்கே போனார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள். கடைத்தெருவில் கன்னடம் பேசுவார்கள்.

அப்படி ஒரு தெருவில் மாலை வகுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் 12 பெண்கள். ஒருநாள் பாடம் முடிந்தது. பேச்சு தொடங்கியது.

"அக்கா, ஜோக் அருவி இங்கேதானே இருக்குது. நாம இன்னும் பார்க்கவே இல்லையே!"

"பார்க்கலாம் தங்கச்சி. காலையில போயிட்டு ராத்திரி வந்துடலாம்."

"ஒரு ராத்திரி அங்கேயே தங்கினா என்ன? கூடாரம் போட்டுத் தங்குறாங்களாமே!"

"கூடாரமா? காட்டுலயா? நல்லா யோசிச்சுத்தான் செய்யணும்."

அக்கா சொன்னது சரிதான். யோசித்துத்தான் செய்ய வேண்டும். என்ன யோசிப்பது? வாருங்கள், நாமும் அவர்களோடு சேர்ந்து யோசிப்போம்.

ஜோக் அருவி எங்கே இருக்கிறது?

கர்நாடகத்தில் ஷிவமொக்கா மாவட்டம் இருக்கிறது. அதில் சாகரா என்று ஒரு தாலுகா. அங்கேதான் ஜோக் அருவி இருக்கிறது. ஷராவதி என்ற ஆறு அங்கே மலையிலிருந்து கீழே விழுகிறது. பிறகு மேற்கே ஓடி, ஹொன்னாவர் என்ற ஊரில் கடலில் கலக்கிறது.

அருவியின் உயரம் 253 மீட்டர். அதாவது 830 அடி. ஒரு மாடியின் உயரம் 10 அடி என்று கணக்குப் போடுங்கள். 83 மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தண்ணீர் விழுவது போல! இங்கே தண்ணீர் நான்கு பிரிவாக விழுகிறது. நான்குக்கும் பெயர் உண்டு. ராஜா, ராணி, ரோரர், ராக்கெட். ராஜா எதிலும் படாமல் நேராக விழும். ராணி பாறைமேல் வழிந்து மெல்ல இறங்கும். ரோரர் என்றால் கர்ஜிப்பவன். பெயருக்கு ஏற்ற சத்தம் போடும். ராக்கெட் சீறிப் பாயும்.

பத்ராவதியிலிருந்து ரயில் உண்டு. ஷிவமொக்கா, சாகரா வழியாகத் தாளகுப்பா வரை போகும். தாளகுப்பாதான் கடைசி நிலையம். அங்கிருந்து பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போக வேண்டும். சாகராவில் இறங்கினால் சுமார் 30 கிலோமீட்டர். பஸ் கிடைப்பது அங்கே சுலபம்.

எந்த மாதம் போவது?

இதுதான் முதல் கேள்வி. இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள்.

அருவி எப்போது அழகாக இருக்கும்? மழைக்காலத்தில். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தண்ணீர் பொங்கி விழும். ஆனால் அப்போது கூடாரத்தில் தங்க முடியுமா? முடியாது. ராத்திரி பகலாக மழை கொட்டும். தரை சேறாகும். அட்டைகள் காலில் ஏறும். இன்னொன்றும் உண்டு. பனிமூட்டம்! நான் ஒரு ஜூலை மாதம் போயிருந்தேன். அருவிக்கு எதிரே மூன்று மணி நேரம் நின்றேன். சத்தம் காதைத் துளைத்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரே வெள்ளை. பிறகு ஒரு நிமிடம் மூட்டம் விலகியது. பார்த்தேன். மறுபடியும் மூடிக்கொண்டது. அந்த ஒரு நிமிடம் போதும் என்று திரும்பினேன்.

சரி, மழை இல்லாத மாதத்தில் போகலாமா? பிப்ரவரி, மார்ச்சில் தரை காய்ந்திருக்கும். கூடாரம் போட வசதி. ஆனால் அருவியில் தண்ணீர் மிகக் குறைவு. சில நாள் பாறை மட்டுமே தெரியும். அந்த மாதங்களில் காட்டில் உண்ணிகளும் அதிகம். உண்ணியால் ஒரு கொடிய காய்ச்சல் வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆக, மழையும் நின்றிருக்க வேண்டும். அருவியும் வற்றியிருக்கக் கூடாது. அப்படி ஒரு காலம் உண்டா? உண்டு. அக்டோபர் மாதம். நவம்பர் தொடக்கம் வரை போகலாம். மழை அந்த ஆண்டு நன்றாகப் பெய்திருந்தால் தண்ணீரும் நன்றாக இருக்கும்.

போவதற்கு முன் ஷிவமொக்காவில் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள். அருவி இடத்தில் கட்டட வேலை நடந்தால் உள்ளே விட மாட்டார்கள். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்படிப் பல வாரங்கள் மூடி வைத்தார்கள். அது தெரியாமல் போனால் பணமும் வீண், பயணமும் வீண்.

தண்ணீர் யார் கையில்?

ஜோக் அருவிக்கு மேலே சில கிலோமீட்டர் தூரத்தில் ஓர் அணை இருக்கிறது. அதன் பெயர் லிங்கனமக்கி. 1964ஆம் ஆண்டு கட்டி முடித்தார்கள். மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டிய அணை இது. ஷராவதி ஆற்றுத் தண்ணீரை இந்த அணை பிடித்து வைக்கிறது. பிறகு வாய்க்கால் வழியாகவும் குழாய் வழியாகவும் மின் நிலையத்துக்கு அனுப்புகிறது. அதனால்தான் அருவியில் தண்ணீர் குறைந்துபோனது. நம் வீட்டில் விளக்கு எரிகிறது. அங்கே அருவி மெலிகிறது. அணை நிரம்பியபோது பல ஊர்கள் தண்ணீருக்குள் மூழ்கின. வயலையும் வீட்டையும் விட்டு மக்கள் வெளியேறினார்கள். மாற்று நிலத்துக்குப் பட்டா கேட்டு அவர்களில் பலர் பல ஆண்டுகள் அலைந்தார்கள். அருவியைப் பார்க்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் அணை நிரம்பும். நிரம்பினால் மதகுகளைத் திறப்பார்கள். அப்போது ஆற்றில் தண்ணீர் திடீரென்று உயரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். வானம் நீலமாக இருக்கலாம். ஆனாலும் வெள்ளம் வரும். ஏனென்றால் மழை பெய்த இடம் வேறு. மதகு திறந்த இடம் வேறு.

அணை இல்லாத ஆற்றிலும் இதே ஆபத்து உண்டு. மலையில் எங்கோ பெய்த மழை ஓடையில் இறங்கி வரும். 2024ஆம் ஆண்டு மே 17 அன்று தமிழ்நாட்டில் பழைய குற்றாலத்தில் இப்படித்தான் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

அதே ஆண்டு ஜூன் 30 அன்று மகாராஷ்டிரத்தில் இன்னொரு துயரம். லோனாவ்லா என்ற ஊரில் பூஷி அணைக்குப் பக்கத்தில் ஓர் அருவி இருக்கிறது. ஒரு குடும்பம் ஓடைக்கு நடுவில் பாறைமேல் நின்றது. தண்ணீர் உயர்ந்தது. ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கரையில் கூட்டம் இருந்தது. ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. ஒரு பெண்ணும் நான்கு குழந்தைகளும் இறந்துபோனார்கள்.

அவர்கள் நின்றபோது தண்ணீர் கணுக்கால் அளவு இருந்திருக்கும். அதனால்தானே குழந்தைகளோடு இறங்கினார்கள்! கணுக்கால் தண்ணீர் முழங்கால் தண்ணீராக மாறுவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஓடும் தண்ணீர் முழங்கால் வரை வந்துவிட்டால் பெரிய ஆளாலும் நிலைத்து நிற்க முடியாது. கீழே இருப்பதோ வழுக்குப் பாறை.

வெள்ளம் வரும் முன் சில அடையாளம் தெரியும். தெளிந்த தண்ணீர் கலங்கும். காய்ந்த இலையும் குச்சியும் மிதந்து வரும். மேலே இருந்து வரும் இரைச்சல் கூடும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே கரை ஏறுங்கள். செருப்பு, துணி, பாத்திரம் எதையும் எடுக்க நிற்காதீர்கள். ஆற்றின் ஓரமாகவே ஓடக் கூடாது. மேட்டை நோக்கி ஏற வேண்டும். அக்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே மேட்டில் இருங்கள். தண்ணீரைத் தாண்டி வர முயலாதீர்கள். வெள்ளம் வடியும். ஆள் வரும்.

ஜோக் அருவியின் அடிவாரத்துக்குப் படிக்கட்டு உண்டு. ஏறக்குறைய 1400 படிகள். இறங்குவது சுலபம். ஏறுவதுதான் பாடு! முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே இருந்தே பார்ப்பது நல்லது. மழைக்காலத்தில் அந்த வழியை அடைத்துவிடுவார்கள். அடைத்திருந்தால் கம்பியைத் தாண்டிப் போகாதீர்கள்.

எங்கே தங்குவது?

"காட்டில் எங்காவது கூடாரம் போட்டுக்கொள்ளலாம்" என்று சிலர் நினைப்பார்கள். அது கூடாது. ஷராவதிப் பள்ளத்தாக்கின் காடு சரணாலயம். சிங்கவால் குரங்கு வாழும் காடு அது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே தங்கினால் குற்றம். அடுப்பு மூட்டுவதும் குற்றம்.

அனுமதியோடு தங்க இடம் உண்டு. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் ஜோக் அருவிக்குப் பக்கத்தில் முகாம் நடத்துகிறது. ஷராவதி சாகச முகாம் என்று அதற்குப் பெயர். கூடாரமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. ஹொன்னேமரடு என்று இன்னோர் இடமும் இருக்கிறது. அது லிங்கனமக்கி அணைத் தண்ணீரின் கரையில் உள்ளது. அங்கே படகு விடவும் கூடாரத்தில் தங்கவும் போகிறார்கள். எங்கே போனாலும் முன்பே பதிவு செய்ய வேண்டும். படகில் ஏறினால் மிதவைச் சட்டை போட வேண்டும். நீச்சல் தெரிந்தவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முகாமுக்குப் போனதும் கூடாரத்தைச் சுற்றிப் பாருங்கள். தண்ணீருக்கு மிக அருகில் இருக்கிறதா? கரைச் செடிகளில் காய்ந்த வைக்கோலும் குப்பையும் சிக்கியிருக்கிறதா? அப்படியானால் வெள்ளம் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. கூடாரம் அதற்கு மேலே இருக்க வேண்டும். தலைக்கு மேலே பட்டுப்போன கிளை தொங்குகிறதா? காற்றில் விழும். சந்தேகம் இருந்தால் இடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். நாம் பணம் கட்டியிருக்கிறோம். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கூடாரத்துக்குள் சாப்பாட்டுப் பொருள் வைக்காதீர்கள். எறும்பு வரும். எறும்பைப் பின்தொடர்ந்து எலி வரும். எலியைப் பின்தொடர்ந்து பாம்பு வரலாம். பகலில் குரங்கு வரும். காலையில் செருப்பை உதறிப் பார்த்துப் போடுங்கள்.

குரங்குக் காய்ச்சல்

இப்போது உண்ணிக்கு வருவோம். மாட்டின் மேல் உண்ணியைப் பார்த்திருப்பீர்கள். காட்டிலும் உண்ணி உண்டு. சில உண்ணிகள் கடுகைவிடச் சிறியவை. கடித்தால்கூடத் தெரியாது.

1957ஆம் ஆண்டு இதே ஷிவமொக்கா மாவட்டத்தில் குரங்குகள் கூட்டமாகச் செத்தன. மக்களுக்கும் கடும் காய்ச்சல் வந்தது. ஆராய்ந்து பார்த்தார்கள். புதிய வைரஸ் கிருமி ஒன்று தெரியவந்தது. கியாசனூர் என்ற காட்டில் கண்டுபிடித்ததால் கியாசனூர் காட்டு நோய் என்று பெயர் வைத்தார்கள். ஊர் மக்கள் குரங்குக் காய்ச்சல் என்பார்கள்.  பெரும்பாலும் உண்ணிதான் நமக்கு இந்த நோயைத் தருகிறது. பாவம், குரங்கும் நம்மைப் போல இந்த நோயால் சாகிறது. 2019ஆம் ஆண்டு சாகரா தாலுகாவில் அரளகோடு பகுதியில் இந்த நோய் பரவிப் பலர் இறந்தார்கள். அது ஜோக் அருவியிலிருந்து அதிகத் தூரம் இல்லை.

டிசம்பரிலிருந்து மே வரை இந்த நோய் அதிகம். அதனால்தான் அக்டோபர் நல்லது என்றேன். ஆனாலும் எந்த மாதத்திலும் கவனம் வேண்டும். காட்டில் நடக்கும்போது கை கால் மூடிய துணி போடுங்கள். வெளிர் நிறம் நல்லது. உண்ணி ஏறினால் கண்ணுக்குத் தெரியும். காய்ந்த சருகின் மேல் உட்காராதீர்கள், படுக்காதீர்கள். அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் உண்ணி விரட்டும் எண்ணெய் தருவார்கள். கேட்டு வாங்கிப் பூசிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் வெந்நீரில் சோப்புப் போட்டுக் குளியுங்கள். துணியையும் வெந்நீரில் துவையுங்கள். செத்த குரங்கைப் பார்த்தால் பக்கத்தில் போகாதீர்கள். சுகாதார ஊழியரிடம் சொல்லுங்கள்.

கடித்த 3 நாள் முதல் 8 நாளுக்குள் நோய் தெரியும். திடீரென்று கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பு முறிவது போல வலி. சிலருக்கு ரத்தக் கசிவும் வரும். இந்தக் கிருமியைக் கொல்ல மருந்து இல்லை. ஆனால் சீக்கிரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை மறக்காமல் சொல்ல வேண்டும். "நான் சாகரா பக்கம் காட்டுக்குப் போய் வந்தேன்." இதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

பென்சிலை எடுங்கள்

இப்போது நம் 12 பெண்களும் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். படித்த படிப்புக்கு வேலை வந்துவிட்டது!

முதலில் செலவுக் கணக்கு. ரயில் கட்டணம், பஸ் கட்டணம், முகாம் கட்டணம், நுழைவுச் சீட்டு. ஒவ்வொன்றையும் விசாரித்து ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். அதை 12ஆல் பெருக்குங்கள். வந்த தொகையோடு பத்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பங்கைத் தனி உறையில் போட்டு ஒருவர் வைத்திருக்கட்டும். அது பஸ் தவறினால், உடம்புக்கு வந்தால் உதவும்.

பிறகு சாப்பாடு. முகாமில் ராத்திரிச் சாப்பாடு கிடைக்கும். முதல் நாள் மதியத்துக்கு நாம் கொண்டுபோக வேண்டும். புளிச்சோறு கெடாது. தயிர்ச்சோறு வேண்டாம், வெயிலில் புளித்துவிடும். ஓர் ஆளுக்கு 125 கிராம் அரிசி. 12 பேருக்கு 1500 கிராம். அதாவது ஒன்றரைக் கிலோ. குடிக்க ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் தண்ணீர் வேண்டும். புறப்படும்போது ஆளுக்கு 2 லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எடுங்கள். மீதியை முகாமில் வாங்கிக்கொள்ளலாம். ஓடைத் தண்ணீர் பளிங்கு போல இருக்கும். காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

டார்ச் விளக்கு, கம்பளி, மாற்றுத் துணி, சோப்பு, காயத்துக்குத் துணிக்கட்டு, தினமும் சாப்பிடும் மாத்திரை. அட்டைக்குக் கொஞ்சம் உப்புப் பொட்டலம். குப்பை போட ஒரு பை. அந்தப் பை நிறைந்து வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும்.

காட்டில் செல்போன் பல இடங்களில் பேசாது. பேட்டரியும் தீர்ந்துபோகும். அதனால் வேண்டிய எண்களைக் காகிதத்தில் எழுதுங்கள். 112 அவசர உதவிக்கு. 108 ஆம்புலன்சுக்கு. முகாம் எண், வீட்டு எண். குழந்தைகள் வந்தால் பெயரையும் வீட்டு எண்ணையும் சீட்டில் எழுதுங்கள். சட்டைப் பையில் வைத்து ஊக்குக் குத்துங்கள்.

பலகையில் என்ன எழுதியிருக்கிறது?

அருவிக் கரையில் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பார்கள். நமக்குக் கன்னடம் பேசத் தெரியும். படிக்கத் தெரியாது. என்ன செய்வது?

"அபாய" என்ற சொல் கன்னடத்திலும் ஆபத்தைத்தான் குறிக்கும். கன்னடத்தில் அதற்கு மூன்றே எழுத்து. கன்னடம் படித்த பிள்ளைகள் தெருவில் இருப்பார்களே! ஒருவரைக் கூப்பிட்டுக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். அந்த மூன்று எழுத்தின் உருவத்தையும் பார்த்துப் பார்த்து எழுதுங்கள். பத்து முறை எழுதினால் மறக்காது. மற்றப் பலகைகளைக் கண்டால் பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். "இல்லி ஏனு பரெதிதெ?" என்று கேட்டால் படித்துச் சொல்வார்கள். "நீரிகெ இளியபேடி" என்று படித்தால் தண்ணீரில் இறங்காதே என்று பொருள்.

கடைசியாக ஒரு சீட்டு. அதில் எழுதுங்கள். எத்தனை பேர் போகிறோம், எந்த ரயிலில் போகிறோம், எந்த முகாமில் தங்குகிறோம், எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவோம். அந்த நேரத்துக்கு வராவிட்டால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அதைத் தெருவில் வீட்டோடு இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் அவரையே ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.